மீடியம் மாகாளியப்பன்

இந்தக் கதையில் பொய் சொல்கிறவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் டீ குடிக்கிறவர்கள். ஆகவே எது புளுகு, எது நடந்தது என்று யாரும் குழம்ப வேண்டாம். மாகாளியப்பன் வாயைத் திறந்திருந்தபோது வந்ததெல்லாம் புளுகு. அவர் வாயை மூடியிருந்தபோது நடந்ததெல்லாம் உண்மை. இரண்டாவது வகை மிகக் குறைவு.

கோயமுத்தூருக்குத் தெற்கே ஒரு தொழிற்பேட்டையில், பம்புசெட்டும் கிரைண்டரும் செய்கிற கொட்டகைகளுக்கு நடுவே, வஜ்ரவேல் எக்ஸ்போர்ட்ஸ் என்ற கம்பெனியில் மட்டும் இரும்புச் சட்டை அடிக்கிறார்கள். ஐரோப்பாவில் பல் டாக்டர்களும் கணக்குப்பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் வயல்வெளியில் கூடி, ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்ட சண்டையை மறுபடியும் போட்டுக் காட்டுகிறார்கள். முதல் தடவை செத்தவர்கள் சரியாகச் சாகவில்லை என்று நினைக்கிறார்களோ என்னவோ. அவர்களுக்கு வேண்டிய மார்புக் கவசம், தோள் கவசம், கைக் கவசம், தலைக் கவசம் எல்லாம் இங்கிருந்துதான் கப்பலேறுகின்றன. கற்பனைக் கதைகளின் வீரர்களைப் போல வேடம் கட்டிக்கொண்டு கண்காட்சிகளில் போட்டோவுக்கு நிற்கிற இளவட்டங்களுக்கு டிராகன் செதில் பதித்த தோள்பட்டையும், இரண்டு முழக் கொம்பு வைத்த தலைக் கவசமும் தனியாகப் போகின்றன. நிஜப் போருக்கு அப்படிக் கொம்போடு போனவன் அபூர்வம். எதிரி பிடித்து இழுப்பதற்கு வாகாகத் தலையிலேயே ஒரு கைப்பிடியை மாட்டிக்கொண்டு போகிற அளவுக்கு அந்தக் காலத்து ஆட்கள் ஏமாளிகள் இல்லை. ஆனால் ஆர்டர் என்று வந்துவிட்டால் முதலாளி வஜ்ரவேலு கழுதைக்கும் கொம்பு வைப்பார்.

இந்தக் கம்பெனியில் மாகாளியப்பனின் உத்தியோகம், போட்டுப் பார்ப்பது.

புது மாடல் எது வந்தாலும் முதல் உருப்படி அவர் உடம்பில்தான் ஏறும். அதைப் போட்டுக்கொண்டு அவர் மாடிப்படி ஏறுவார், குனிவார், மண்டி போடுவார், வாளை உருவுவது போல ஒரு தென்னை மட்டையை உருவுவார். "அக்குள்ல கடிக்குது" என்பார், அங்கே சாக்பீஸால் கோடு விழும். "வயித்துல இறுக்குது" என்பார், அங்கே தகடு கொஞ்சம் தட்டி அகலமாக்கப்படும். அவர் தலையாட்டிய பிறகுதான் அளவுத் தகடு வெட்டி, நூற்றுக்கணக்கில் அடிக்க ஆரம்பிப்பார்கள். மாகாளியப்பனின் உடம்பு மீடியம். அதைவிட இரண்டு அங்குலம் கூடினால் லார்ஜ், இரண்டு அங்குலம் குறைந்தால் ஸ்மால். அவர் இந்த உத்தியோகத்துக்கு வந்த நாளிலிருந்து இதுதான் சட்டம்.

இந்தப் பெருமையை அவர் பட்டம் போலப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். மகள் கல்யாணப் பத்திரிகையில் சம்பந்தி பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்றிருந்தது. இவர் பெயருக்குப் பக்கத்தில் மீடியம் என்றிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதை ஏதோ பெரிய படிப்பு என்று நினைத்து, பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்தார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் அன்று காலை டீ நேரத்தில் கேண்டீன் ஜன்னல் வழியாக ஒரு மரப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் உயரப் பெட்டி, ஜெர்மனியிலிருந்து வந்திருந்தது. "உங்கள் மீடியம் எங்கள் மீடியத்தைவிடப் பெரிதாக இருக்கிறது" என்று அந்த ஊர் வியாபாரி கொஞ்ச காலமாகவே முனகிக்கொண்டிருந்தார். வாயால் சொல்லிப் புரியாதவர்களுக்குக் கண்ணால் காட்டுவோம் என்று, அசல் ஜெர்மன் மீடியம் அளவில் ஒரு ஃபைபர் பொம்மையையே அனுப்பிவிட்டார். டீ முடிந்ததும் முதலாளி வந்து பெட்டியைத் திறப்பதாக ஏற்பாடு.

கவசம் பொம்மைக்குப் பொருந்திவிட்டால், சம்பளம் கேட்காத பொம்மை இருக்கும்போது மனிதன் எதற்கு என்று முதலாளி கேட்பார். பொருந்தாமல் போனால் கதை அதைவிட மோசம். இரண்டில் எது நடந்தாலும் மாகாளியப்பன் மறுபடி பஃபிங் செக்‌ஷனுக்குத்தான் போக வேண்டும். அவர் வந்தது அங்கிருந்துதான். சுழலும் பட்டையில் இரும்பை வைத்துப் பளபளப்பாக்குகிற வேலை. இரும்பு பளபளக்கும், ஆள் கரியாவார். அந்தக் காலத்தில் அவர் வீட்டுக்குப் போனால் கண் இரண்டும் பல் வரிசையும்தான் முன்னால் போகும். மற்றதெல்லாம் குளித்த பிறகுதான் வந்து சேரும்.

முதலாளிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த முடிவு எடுப்பதற்கு முன்பும் ஆட்களைப் பார்த்து, "ஏப்பா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்பார். கேண்டீனில் இருக்கிறவர்கள் தன் பக்கம் நின்றால் தப்பித்துவிடலாம் என்று மாகாளியப்பன் கணக்குப் போட்டார். அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் வாய். அதை உருவினார்.

"பொம்மையாமா, பொம்மை!" என்றார், பொதுவாக எல்லோருக்கும் கேட்கும்படி. "பொம்மைக்கு எங்க கடிக்குதுன்னு சொல்லத் தெரியுமா? நான் சொல்லித்தான் இன்னிக்கு ஐரோப்பாவே கையத் தூக்குது."

"ஐரோப்பா தூக்கறது இருக்கட்டுங்ணா. நீங்க அந்த வடைத் தட்டுல இருந்து கையத் தூக்குங்க. மூணு போச்சு" என்றாள் தெய்வானை.

தெய்வானை வார் தைக்கிற பகுதியின் தலைவி. முன் தகட்டையும் பின் தகட்டையும் இழுத்துக் கட்டுகிற எருமைத் தோல் வார்கள் அவள் கையில்தான் உருவாகின்றன. தோலில் ஓட்டை போடுகிற அவளுடைய உளியைவிட அவள் நாக்கு கூர்மை என்று பெயர். அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அபுதாகிர், தலைக் கவசம் அடிப்பதில் கை தேர்ந்தவர். பழைய கவசங்களைப் பற்றிப் படம் போட்ட தடித்தடிப் புத்தகங்களை வாங்கிப் படிக்கிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு. புளுகுகிறவனுக்கு இந்த மாதிரி ஆள் டீயில் விழுந்த ஈ.

"சிரிக்காத அம்மிணி," என்றார் மாகாளியப்பன். "எனக்கு எடது தோளு சித்த எறக்கம், பாத்திருக்கியா? பஃபிங்ல நின்னு நின்னு அப்பிடியாயிருச்சு. அங்க ஜெர்மனியில நானூறு பேரு சண்டைக்கு வரிசை கட்டி நின்னா நானூறு பேத்துக்கும் எடது தோளு எறங்கித்தான் இருக்கும். ஏன்? அல்லாமே என்ற தோளு! நான் இங்க தும்முனா அங்க நானூறு நெஞ்சு குலுங்குது."

"அந்தப் பாவம் வேறயா," என்றாள் தெய்வானை. "நான் என்னமோ அவனுங்க தின்னு பெருக்கறானுங்கன்னு நெனச்சுட்டு வருசத்துக்கு ஒரு ஓட்டை தள்ளித் தள்ளிப் போட்டுட்டு இருக்கறேன். வாரு நீளம் எங்கியோ போகுது. என்னத்தத் தின்னு தொலைக்கறானுங்களோ."

"சீஸுதான்" என்றார் அபுதாகிர். முதலாளியும் அப்படித்தான் சொல்வார். ஐரோப்பியர்கள் ஆண்டுக்கு ஆண்டு பருத்து வருவதைப் பற்றி ஏற்றுமதியாளர் சங்கக் கூட்டத்தில் அவர் அரை மணி நேரம் கவலையோடு பேசியிருக்கிறார். கைதட்டல் கிடைத்தது.

மாகாளியப்பன் இந்தப் பேச்சை வளர விடவில்லை. "சீஸு இல்லீங்க பாய், பீரு. நானே கண்ணுல பாத்தேன், அங்க போயிருந்தப்ப."

"எங்க?"

"ஜெர்மனிக்கு."

கேண்டீனில் இருந்த டம்ளர்கள் எல்லாம் ஒரு நொடி வாய்க்கும் மேஜைக்கும் நடுவில் நின்றன.

"எப்பங்ணா போனீங்க?" என்றாள் தெய்வானை மிகுந்த மரியாதையோடு. அவள் மரியாதை கூடக் கூட எதிராளிக்கு ஆபத்து கூடும்.

"நீ வேலைக்குச் சேர்றதுக்கு முன்னால."

"நான் உங்களுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே சேந்தவ."

"அப்ப நீ லீவுல இருந்தப்ப."

"பாஸ்போர்ட்டு?" என்றார் அபுதாகிர்.

"பாஸ்போர்ட்டு மனுசனுக்குத்தானுங்க கேப்பான். நான் சரக்காப் போனேன். மீடியம் ஒரு செட்டு அவசரமா வேணும்னுட்டாங்க. அளவு தப்பிரக் கூடாதுன்னு மொதலாளி, 'மாகாளி, நீ உள்ளயே இருந்துக்க'ன்னு சொல்லி ஆணியடிச்சு அனுப்பிப்போட்டாரு. தூத்துக்குடியில கஸ்டம்ஸ்காரன் நெஞ்சுல தட்டிப் பாத்து, 'உள்ள என்ன?'ன்னான். நானே உள்ள இருந்து 'வைக்கோலு'ன்னேன். வைக்கோலுன்னு எழுதி முத்திரை குத்திட்டான்."

"அவன் சரியாத்தான் எழுதியிருக்கறான்" என்றாள் தெய்வானை.

மாகாளியப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. நல்ல புளுகன் பாதி வழியில் திரும்பிப் பார்க்க மாட்டான். "நடுக்கடல்ல புயலு. கப்பல் அடியில ஓட்டை விழுந்து தண்ணி குபுகுபுன்னு ஏறுது. கேப்டன் அழுகறான். நான்தான் சொன்னேன், 'அட, அழுகாதீங்க, என்னையத் தூக்கி ஓட்டையில வைங்க'ன்னு. வெச்சாங்க. கச்சிதமாப் பொருந்துச்சு. அந்த ஓட்டையும் மீடியம். பொறவு கரை சேர்ற வரைக்கும் முன்பக்கம் கப்பலுக்குள்ள, பின்பக்கம் கடலுக்குள்ள. முன்னால காப்பி குடிச்சுட்டு இருக்கறேன், பின்னால சுறா கடிச்சுட்டு இருக்குது."

"சுறா என்னாச்சுங்ணா?"

"பல்லு அத்தனையும் போச்சு. பாவம், அதுக்கப்புறம் கஞ்சிதான்."

அபுதாகிர் டம்ளரைக் கீழே வைத்தார். "மாகாளி, அது எத்தனை கேஜ் தகடு?"

"பதினெட்டு."

"பதினெட்டு கேஜ் மெல்லிசு. சுறா கடிச்சா பள்ளம் விழும். பல்லு போகாது."

"யாரு இல்லைன்னா? பள்ளமும் விழுந்துச்சு. வரிவரியாப் பள்ளம் வெச்ச மாடலு இன்னிக்குக் கண்டெய்னர் கண்டெய்னராப் போகுதுல்ல, அது என்ன? அந்தச் சுறாவோட பல்லு வரிசைங்க பாய்!"

வரிவரியாக மடிப்பு வைத்த கவசம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மன் கொல்லர்கள் கண்டுபிடித்த நாகரிகம். மெல்லிய தகடு மடிந்தால் வலுக்கூடும் என்பதற்காகச் செய்தது. எந்தச் சுறாவுக்கும் அதில் பங்கில்லை. அபுதாகிருக்கு இது பக்க எண்ணோடு தெரியும். சொல்ல வாயெடுத்தார். ஆனால் பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டதைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டார். உண்மைக்கு எப்போதும் கூட்டம் கம்மி.

மாகாளியப்பன் அந்த நாற்காலிகளைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பெட்டியையும் பார்த்தார். குரலை உயர்த்தினார்.

"போய் எறங்குன அன்னிக்கே சண்டை. நானூறு பேரு இந்தப் பக்கம், நானூறு பேரு அந்தப் பக்கம். அதுல ஒரு முறை இருக்குதுங்க. யாரு ஜெயிக்கணும், யாரு தோக்கணும்னு முன்னாலயே முடிவு. ஏன்னா அது நெசமா நடந்த சண்டை. அன்னிக்குத் தோத்த கட்சி இன்னிக்கும் தோக்கோணும், வருசா வருசம் தோக்கோணும். இதை எனக்கு ஒருத்தனும் சொல்லலை. சொல்லாமக் கொண்டுபோயி தோக்கற கட்சியில நிறுத்திப்போட்டானுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஜெயிச்சுப்போட்டேன்."

"தென்னை மட்டையிலயா?" என்றாள் தெய்வானை.

"வெறுங்கையில அம்மிணி. ஒவ்வொருத்தனா வரவர, வாரைப் புடிச்சு ஒரு இழுப்பு. கவசம் கழண்டு கால்ல விழுகும். எந்த பக்கிள் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நானூறு பேரும் உள்பனியனோட வயல்ல நிக்கறானுங்க. மைக்குல கெஞ்சறாங்க: 'ஐயா, தயவு பண்ணிச் செத்துருங்க. மணி நாலாச்சு. நீங்க ரெண்டரைக்கே செத்திருக்கோணும்.' நான் சொன்னேன், 'இன்னிக்கு அமாவாசைங்க, எங்கூட்ல அமாவாசைக்குச் சாகற பழக்கமில்லைங்க'ன்னு."

சிரிப்பு மேஜை மேஜையாகப் பரவியது. "கடைசியில எப்பிடித்தான் முடிச்சாங்க?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"பள்ளிக்கூடப் புஸ்தகத்த மாத்திட்டாங்க. வேற வழி? தோத்த ராசாவோட பேரம்பேத்திகளைத் தேடிப் புடிச்சு அரமணையத் திருப்பிக் குடுத்தாங்க. வரி யாருக்குக் கட்டறதுன்னு அந்தூர்ல இன்னும் கேஸு நடக்குது."

"எந்த ராஜா?" என்றார் அபுதாகிர். அவரால் முடியவில்லை. "பேர் என்ன?"

"நெம்ப நீளமான பேருங்க பாய். சொல்லி முடிக்கறதுக்குள்ள உங்க டீ ஆறிரும்."

"ஏற்கெனவே ஆறிருச்சு. சொல்லு."

"சொல்லிருவேன். அதுக்குள்ள இடி விழுந்துருச்சே!" என்றார் மாகாளியப்பன். கேண்டீன் கூரையே அதிர்ந்தது போல மேஜையில் ஒரு தட்டு தட்டினார். "வெட்ட வெளியில இரும்ப மாட்டிட்டு நிக்கறேன். நேரா என்ற மண்டையில இடி! எறங்குது... கழுத்து, தோளு, முழங்கை. எடது கைக் கவசத்துல வந்ததும் கப்புன்னு கையை மூடிட்டேன். புடிச்சுட்டேன். உள்ள கெடந்து துடிக்குது, கோழிக்குஞ்சு மாதிரி. அங்க சண்டை போடறப்ப செல்போனு வெளிய தெரியக் கூடாது, அந்தக் காலத்துல ஏது போனு? அல்லாரும் தலைக் கவசத்துக்குள்ள ஒளிச்சு வெச்சிருப்பானுங்க, சாயங்காலம் பாத்தா சார்ஜ் இருக்காது. வரிசையில வரச் சொன்னேன். ஒவ்வொரு விரலா விட்டு எண்ணூறு போனுக்கும் சார்ஜ் ஏத்திக் குடுத்தேன். மிச்சம் இருந்ததுல ஒருத்தன் பீரைச் சூடு பண்ணிக்கிட்டான்."

"பீரை யாராச்சும் சூடு பண்ணுவாங்களா?" என்றார் அபுதாகிர்.

"அதைத்தான் நானும் கேட்டேன். சளி புடிச்சிருக்குன்னான்."

தெய்வானை வடைத் தட்டை மாகாளியப்பன் பக்கம் நகர்த்தினாள். "இன்னொண்ணு எடுத்துக்கங்ணா. இத்தனை பொய்யும் வெறும் வயித்துல சொல்ல முடியாது."

அவர் எடுத்துக்கொண்டார். கேண்டீன் தன் பக்கம் வந்துவிட்டது என்று தோன்றியது. ஆனால் வெளியே முதலாளியின் கார் சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது. அவசரமாக மென்று விழுங்கிவிட்டு, கைவசம் இருந்ததிலேயே பெரிய குண்டை எடுத்துப் போட்டார்.

"ஊருக்குக் கெளம்பறப்ப ஒரு மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வரிசையா கவசம், ராசாவோடது, தளபதியோடது. உள்ள ஆளு இல்லை. நான் வாசப்படி மிதிச்சேன். கிர்ர்ருன்னு ஒரு சத்தம். அத்தனை கவசமும் என்னையக் கண்டு எந்திரிச்சு நின்னுச்சு."

"ஏற்கெனவே நின்னுட்டுத்தானே இருந்துச்சு?"

"இன்னும் சித்த நேரா நின்னுச்சுங்க பாய். அதுல ஒரு ராசா கவசம் மெதுவாக் கையத் தூக்கி அக்குளைக் காட்டுது. அறுநூறு வருசமா அங்க கடிக்குதாமா. யாருகிட்டயும் சொல்ல முடியலை. உள்ள இருந்தவனும் செத்துட்டான். நான் ஒரு சுத்தியல வாங்கி ரெண்டே தட்டு. 'அப்பாடா'ன்னுச்சு."

"தமிழ்லயாங்ணா?"

"ஜெர்மன்லதான். வலி போன சத்தம் எல்லா பாசையிலயும் ஒண்ணுதான அம்மிணி." அவர் எழுந்து நின்றார். "அப்பேர்ப்பட்ட கைக்கு, கண்ணு மூக்கு இல்லாத ஒரு பொம்மை போட்டியா? சொல்லுங்க, நீங்களே சொல்லுங்க!"

"இல்லை!" என்றது கேண்டீன். தெய்வானைகூட அரை மனதாகத் தலையாட்டினாள். பொம்மை வந்துவிட்டால் டீ நேரத்தில் இப்படிச் சிரிப்பு கிடைக்காது என்ற ஒரே காரணம்தான்.

முதலாளி வஜ்ரவேலு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார். "சரி, எல்லாரும் வாங்க. உங்க முன்னாலயே பாத்துரலாம்" என்றார்.

முற்றத்தில் பெட்டியைப் பிரித்தார்கள். பொம்மைக்குத் தலை இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. அகன்ற மார்பு, ஒடுங்கிய இடுப்பு, அளவுகோல் வைத்தது போல இரண்டு தோள்கள். வயிறு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. தலை இல்லாமலே அது மாகாளியப்பனைக் கேவலமாகப் பார்ப்பது போலிருந்தது.

"மொதல்ல மாகாளி போடட்டும்" என்றார் முதலாளி.

அந்த வாரம் அடித்த மீடியம் மார்புக் கவசம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மாகாளியப்பன் உள்ளே புகுந்தார். தெய்வானை வாரை இழுத்து மாட்டினாள். இளநீருக்கு மட்டை பொருந்துவது போல அவ்வளவு கச்சிதம். மண்டி போட்டார், எழுந்தார், கையைச் சுழற்றினார், ஒரு குதி குதித்தார். முன்னே துருத்திய வயிற்றின் மேல் இரும்பு ஓர் இடத்திலும் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. கேண்டீன் கூட்டம் கைதட்டியது.

"இப்ப பொம்மைக்குப் போடுங்க."

அபுதாகிர் தூக்கிப் போட்டார். தெய்வானை வாரை இழுத்தாள். இழுத்துக்கொண்டே போனாள். கடைசி ஓட்டை வரை மாட்டிவிட்டுக் கையை எடுத்தாள். கவசம் டொங்கென்று இடுப்புக்கு இறங்கி, இடதுபக்கமாகச் சாய்ந்து நின்றது. பொம்மையின் இடது தோள் மட்டும் வளைக்கு வெளியே தலை நீட்டுகிற எலி போலத் துருத்திக்கொண்டு தெரிந்தது. முதலாளி பொம்மையின் வயிற்றுக்கும் தகட்டுக்கும் நடுவில் கையை விட்டார். முழங்கை வரை போனது. உள்ளே கையை அசைத்துப் பார்த்தார். இன்னொரு கைக்கும் இடமிருந்தது. அபுதாகிர் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். காலித் தண்ணீர் டிரம் போலச் சத்தம் வந்தது.

முதலாளி பொம்மையைப் பார்த்தார். மாகாளியப்பனைப் பார்த்தார். மறுபடி பொம்மையின் வயிற்றைப் பார்த்தார். மாகாளியப்பனின் வயிற்றைப் பார்த்தபோது அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார்.

"தெய்வானை," என்றார் மெதுவாக, "வருசா வருசம் ஓட்டைய எதுக்குத் தள்ளிப் போட்டே?"

"மாகாளிண்ணன் இறுக்குதுன்னாருங்க. தகட்ட அகலப்படுத்துனாங்க. வாரு எட்டலை. ஜெர்மன்காரனுங்க பெருத்துட்டுப் போறாங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

முதலாளிக்குச் சங்கக் கூட்டமும் கைதட்டலும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது. ஐரோப்பாவில் ஒருவரும் பருக்கவில்லை. இத்தனை காலமும் பருத்து வந்தது இந்த முற்றத்தில் நின்றுகொண்டிருந்த ஓர் ஆள்தான். அவர் தின்ற வடைகள் ஒவ்வொன்றும் கண்டெய்னர் ஏறிக் கடல் தாண்டி, யாரோ ஒரு பல் டாக்டரின் நெஞ்சில் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்திருக்கின்றன. அவருடைய தோள் இறக்கத்தோடு ஒரு கண்டமே சாய்ந்து நின்று சண்டை போட்டிருக்கிறது.

அந்த நேரம் முழுக்க மாகாளியப்பனின் வாய் மூடியிருந்தது. ஆகவே இதெல்லாம் உண்மை.

"ஏப்பா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் முதலாளி, வழக்கப்படி.

கேண்டீன் கூட்டம் தரையைப் பார்த்தது. சற்று முன்பு கைதட்டிய கைகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. பஃபிங் செக்‌ஷனில் பட்டை சுழல்கிற சத்தம் கேட்டது. மாகாளியப்பனுக்கு அந்தச் சத்தம் இவ்வளவு பக்கத்தில் இருப்பது அன்றுதான் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொம்மை இளைச்சிருச்சுங்க மொதலாளி," என்றார். "கப்பல்ல வந்த அலைச்சல்."

ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். பொம்மையின் மார்பில் 'மீடியம்' என்று எழுதினார். பிறகு மாகாளியப்பன் அருகே வந்து, அவர் இன்னும் கழற்றாமல் இருந்த கவசத்தின் வயிற்றுப் பகுதியில், வளைவு தொடங்குகிற இடத்திலிருந்து முடிகிற இடம் வரை, நிதானமாக எழுதினார்: 'டபுள் எக்ஸ்எல்'.

"பெரிய சைஸ் வேணும்னு வியாபாரி கேட்டுட்டே இருக்கறான். அதுக்கு நம்மகிட்ட ஆள் இல்லாம குத்துமதிப்பா அடிச்சுட்டு இருந்தோம்" என்றார். "நாளையில இருந்து நீ இதுக்குப் போட்டுப் பாரு."

"பஃபிங்குக்கு இல்லீங்களா?" என்றார் மாகாளியப்பன், சின்னக் குரலில். அன்று முழுக்க அவர் சொன்னவற்றில் புளுகு கலக்காத வாக்கியம் அது ஒன்றுதான்.

"பஃபிங் மெஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுல இனி நீ நுழைய மாட்டே" என்று சொல்லிவிட்டு முதலாளி காருக்குப் போய்விட்டார்.

மறுநாள் டீ நேரத்துக்குள் மாகாளியப்பன் வாய் பழைய நிலைமைக்கு வந்துவிட்டது.

"ஒரே நாள்ல ரெண்டு படி தாண்டி உத்தியோக உயர்வு! மீடியத்துல இருந்து லார்ஜ், எக்ஸ்எல், அல்லாத்தையும் தாண்டி நேரா டபுள் எக்ஸ்எல்! ஐரோப்பா சரித்திரத்துலயே இப்பிடி ஒருத்தனும் ஏறுனதில்லை. சேதி கேட்டு ஜெர்மனியில நேத்துச் சண்டையவே நிறுத்திட்டாங்களாமா. இனி அங்க இருக்கற பெரிய மனுசன் அத்தனை பேரும் என்ற உடம்புக்குள்ளதான் குடியிருக்கோணும்." வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஏன் அம்மிணி, புது செட்டுக்கு வாரு தயாரா?"

தெய்வானை மடியில் கிடந்த தோலை அவர் வயிற்றுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"இல்லீங்ணா," என்றாள். "இன்னொரு எருமை வேணும்."